சிவப்புக் கோட்டுக்கு அப்பால்

"நடிப்பு டாக்டரம்மா, சுத்த நடிப்பு! வீட்டுல ஒரு வாய் தண்ணிக்குக்கூட எழுந்திரிக்க மாட்டார். இங்க வந்தா மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி நடக்கிறாராமே?"

லாரிக்காரரின் மனைவி பொரிந்து தள்ளினாள். லாரிக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அசடு வழிந்தார்.

விபத்தில் இடுப்பு நொறுங்கிய மனுஷன். டாக்டரம்மா புதிதாகக் கண்டுபிடித்த பயிற்சியைச் செய்தவர்களில் அவர் ஒருவர்தான் எழுந்து நடந்தார். மற்றவர்களெல்லாம் போட்டது போட்டபடி கிடந்தார்கள். இவர் நடையையாவது ஆஸ்பத்திரிப் பெரியவர்களுக்கு அளந்து காட்டவில்லை என்றால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவார்கள். அதனால்தான் வீடியோ டெக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இந்தப் பாடு.

மேசைக்கு அடியிலிருந்து ஒயர் அண்ணன் தலையை நீட்டினார். ஆஸ்பத்திரியில் எந்த ஒயரைத் தொட்டாலும் அவர்தான் தொட வேண்டும். அதனால் அந்தப் பெயர்.

"மஞ்சள் ஒயரை மாத்திச் சொருகிட்டேம்மா. இப்பப் பாருங்க, படம் ஜம்முனு வரும்."

வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் இதே அறையில் லாரிக்காரர் நடந்த நடை. முழங்காலிலும் கணுக்காலிலும் ஒட்டியிருந்த கறுப்புப் பொட்டுகளைக் கம்ப்யூட்டர் தேடிப் பிடித்துக் கோடு இழுத்தது. தரையில் ஒட்டிய சிவப்புக் கோட்டை அவர் தாண்டியதும், "போதும், டெக்கை நிறுத்துங்கண்ணே," என்று ஒயர் அண்ணனிடம் சொன்னாள் டாக்டரம்மா. எப்போதும் அதுவரைதான் கணக்கு.

"பாத்தீங்களா? நான் சொல்லலை, கம்ப்யூட்டர் சொல்லுது. ஒவ்வொரு எட்டும் அளந்து வச்ச மாதிரி இருக்கு."

மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது.

"தூக்கி உட்கார வச்சு, குளிப்பாட்டி விட்டு, என் முதுகே கழண்டு போச்சு. அய்யாவுக்கு ராஜ உபசாரம் கேக்குதோ?"

"இல்லடி... அது வந்து..." லாரிக்காரர் டாக்டரம்மாவை ஒரு தடவை பார்த்தார்.

"பாவம் பாக்காதீங்கம்மா," என்றாள் டாக்டரம்மா. "நாற்காலி பழகிட்டா உடம்பு வளையாது. இது இங்கயே இருக்கட்டும். நடத்தியே கூட்டிட்டுப் போங்க. கை கொடுக்காதீங்க."

"நானா? விரல்கூட நீட்ட மாட்டேன்!"

லாரிக்காரர் சுவரைப் பிடித்து எழுந்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

"வலிக்குதோ?" என்றாள் டாக்டரம்மா, குரலில் கொஞ்சம் குத்தலோடு.

"சேச்சே! இல்லம்மா."

மனைவி முன்னால் விடுவிடுவென்று போக, அவர் சுவரோடு சுவராக நகர்ந்து நடைவழியில் திரும்பி மறைந்தார்.

"சோம்பேறித்தனத்துக்கு இதாண்ணே மருந்து," என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

ஒயர் அண்ணன் டெக்கை மறுபடி ஓடவிட்டார்.

"கோட்டோட முடியுமே, இன்னும் என்ன ஓடுது?"

"அவர் தாண்டும்போது நான் ஒயர் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போயிருந்தேன்மா. யார் நிறுத்துறது? டெக் அது பாட்டுக்குப் பதிஞ்சிருக்கு."

திரையில் டாக்டரம்மாவின் முதுகு தெரிந்தது. லாரிக்காரரின் மனைவியைக் கூட்டிவர அவள் குதிக்காத குறையாக வெளியே போகிறாள். கதவு சாத்திக்கொண்டது.

சாத்தியதுதான் தாமதம், லாரிக்காரர் அப்படியே சரிந்தார். மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா ஓடிவந்து தாங்கி நாற்காலியில் சாய்த்தாள். சத்தம் வெளியே வராமலிருக்க மனுஷன் தோள் துண்டை வாயில் திணித்துக் கடித்தார். கால் வெடவெடவென்று உதறியது. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அந்த உதறலுக்கும் மேலும் கீழுமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏன்யா இப்படி உசிரை விட்டு நடக்கிறே?" ஆயாம்மாவின் குரல். "முடியலன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

டாக்டரம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

லாரிக்காரர் துண்டை எடுத்தார். மூச்சு வாங்கியது.

"எப்படி ஆயா சொல்றது? ஆராய்ச்சியை மூடப் போறாங்கன்னு அந்த டாக்டர் பொண்ணு கதவுக்குப் பின்னால நின்னு தேம்பித் தேம்பி அழுதுச்சு. காதுல விழுந்துட்டுதே. கோடு வரைக்கும்தானே, பல்லைக் கடிச்சுக்கலாம். அப்புறம் என்ன, நாற்காலி இருக்கு, தாங்கிப் பிடிக்க எம் பொண்டாட்டி இருக்கா..."