முக்கால்வாசி மிச்சம்

மூலக்குளம் கால்பந்து கிளப் மைதானத்தின் மின்சாரச் செலவு மூன்றே மாதத்தில் முக்கால்வாசி குறைந்துவிட்டது. ஆபீஸில் இருந்தபடியே விளக்குகளை மாற்றத் திட்டம் போட்டுக் கொடுத்த என்ஜினியர் குத்புதீனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சென்னைக் கருத்தரங்கில் பேசக்கூட அழைத்துவிட்டார்கள். கட்டுரைக்குத் தகவல் சேகரிக்க முதல்முறையாக மைதானத்துக்கு வந்தார்.

“எல்லாம் என் திட்டத்தாலதானே மேடம்?” என்று மேனேஜர் அமுதவல்லியிடம் கேட்டார்.

“சத்தியமா உங்களாலதான் சார்.”

“எப்படின்னு நீங்களே சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன்.”

“நீங்க மாத்தின லைட்டுல பந்து கண்ணுக்கே தெரியல. டீம் மொத்தமும் காலாப்பட்டுக்குப் போயி ஆடுது. மூணு மாசமா இங்க லைட்டே போடறதில்ல சார்.”

குத்புதீனுக்கு முகம் சுருங்கியது. அடுத்த நொடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டுரையின் தலைப்பை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்: ‘ஆட்டக்காரர்களை விரட்டி மின்சாரத்தை மிச்சப்படுத்துவது எப்படி?’