ஜப்பான் மாமி

மாமியார் சூப்பை ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கிண்ணத்தை ஒற்றை விரலால் தள்ளி வைத்தார். மருமகள் உடனே நிலத்தில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

"காணாது. இன்னும் குனிய வேணும்," என்றாள் அன்ரனெற்.

கிண்ணத்தில் இருந்தது வெறும் தண்ணீர். தலையில் துவாய் கட்டி மாமியாராக இருந்தவர் அன்ரனெற்றின் கணவர் செல்வரட்ணம். மருமகளாக நடித்தது அவர்களுடைய ஒரே மகள் மெலனி. மோர்னிங்சைட்டில் ஓர் அப்பார்ட்மென்ற்றின் ஏழாம் மாடியில் ஒரு வாரமாக இந்தக் கூத்து நடக்கிறது.

கூத்துக்குக் காரணம் ஞாயிறு பின்னேரங்களில் ரீவியில் போன ஒரு ஜப்பான் நாடகம். சாதாரண வீட்டுப் பெண் ஒருத்தி பெரிய பணக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, மாமியாரிடம் இருபத்தாறு வாரம் வதைபடுவாள். கீழே ஓடும் ஆங்கில வரிகளை மெலனி தமிழில் சொல்லச் சொல்ல, அன்ரனெற்றும் சேர்ந்து அழுவாள். போன ஞாயிறுதான் கடைசிப் பாகம் முடிந்தது. அத்தனையையும் கசற்றில் பதிந்து, 'ஜப்பான்' என்று எழுதி இலக்கம் போட்டு ரீவிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தாள். அந்த வீட்டில் பைபிளுக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

இப்போது அவளுடைய மகளையும் ஒரு பணக்காரக் குடும்பம் பார்க்க வருகிறது. நிசாந்தனும் மெலனியும் இரண்டு வருடமாக விரும்புகிறார்கள். நிசாந்தனின் தகப்பன் கிறிஸ்துநாயகம் எட்டு வருடத்துக்கு முன் ரெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவியவர். இன்றைக்கு மூன்று டோனற் கடை, ஒஷாவாவில் ஒரு காஸ் ஸ்ரேசன், ரூஜில் மாளிகை மாதிரி வீடு. தாய் எமில்டா ஓமென்றால்தான் கலியாணம் என்று நிசாந்தன் சொல்லிவிட்டான். ஆறடி வளர்ந்த பிள்ளை, தாய்க்கு முன்னால் மூன்றடி.

"அம்மா, வீ ஆர் நொட் ஜப்பனீஸ். நிசாந்தன்ர அம்மா சரியான பயந்த ஆளாம்."

"எல்லாப் பெடியளும் தாயைப் பற்றி உப்பிடித்தான் சொல்லுவாங்கள். காசுக்காரர் எந்த நாட்டிலயும் ஒரே அச்சுத்தான். குனி."

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். கிறிஸ்துநாயகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எமில்டா சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு சோபாவின் நுனியில் நிமிர்ந்து இருந்தார்.

மெலனி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எமில்டா ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கோப்பையை ஒற்றை விரலால் தள்ளி வைத்தார்.

அன்ரனெற் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். செல்வரட்ணம் தன் நடிப்பை இன்னொருவர் திருடிவிட்டதைப் போல வாயைப் பிளந்துகொண்டு இருந்தார். மெலனி மட்டும் பழகியபடியே குனிந்தாள்.

"என்ர பிழை, அன்ரி. வேற போட்டுக்கொண்டு வாறன்."

எமில்டா எழும்பி ரீவியடிக்குப் போய், அதன் மேலே விரலால் தடவித் தூசி பார்த்தார். தூசி இல்லை. காலையிலிருந்து அன்ரனெற் அதை மூன்று தரம் துடைத்திருந்தாள். அதுவும் நாடகம் பார்த்துக் கற்றதுதான்.

பிறகு எமில்டா கசற் அடுக்குக்கு முன்னால் நின்றார். தலையைச் சரித்து, மேலிருந்து கீழாக, கடைசி இலக்கம் வரைக்கும் வாசித்தார். படம் பார்த்தே நாசமாய்ப் போன குடும்பம் என்று நினைக்கப்போகிறார் என்று அன்ரனெற்றுக்கு அழுகை வந்தது. உதுகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளாமல் விட்ட தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

"பிள்ளையோட தனியக் கதைக்க வேணும்," என்றார் எமில்டா. அந்த வீட்டுக்குள் வந்து அவர் பேசிய முதல் பேச்சு அது. மெலனியை அவளுடைய அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"முடிஞ்சுது," என்று அன்ரனெற் புருஷனின் காதுக்குள் சொன்னாள். "பன்னிரண்டாம் பாகத்திலயும் உப்பிடித்தான் கதவைச் சாத்திப்போட்டு, என்ர மகனை விட்டிட்டுப் போ எண்டு சொன்னவ."

நிசாந்தன் கார்ப்பெற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல கார்ப்பெற்தான், ஆனாலும் அவ்வளவு நேரம் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

அறைக்குள் மெலனி யன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பன்னிரண்டாம் பாகத்தைத் தமிழாக்கியதே அவள்தான். அடுத்து என்ன வரும் என்று அவளுக்கும் தெரியும். நாடகத்துப் பெண் அந்த இடத்தில் அழுதுகொண்டே தலையாட்டுவாள். மெலனிக்கு வந்தது கோபம். ஒரு வாரம் குனிந்து பழகிய முதுகை நிமிர்த்தினாள்.

"அன்ரி, நீங்கள் என்ன சொன்னாலும் நான் நிசாந்தனை விடமாட்டன்."

எமில்டா கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். கிட்ட வந்து மெலனியின் கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் வியர்த்திருந்தன.

"அதைப் பிறகு கதைப்பம், பிள்ளை. போன ஞாயிறு ஒரு செத்தவீட்டால கடைசிப் பாகத்தை நான் பாக்கேல்லை. அந்த மாமி கடைசியில திருந்திறாவோ, இல்லாட்டி நான் உப்பிடியே இருக்க வேணுமோ?"