மதுரை டிக்கெட்

2046 ஜூன் 3, கிண்டி. விமான நிலையத்துக்கு ரயிலில் மட்டுமே போய்வர முடியும்; அதில் அன்றைய விமான டிக்கெட் உள்ளவர்கள் மட்டுமே ஏறலாம்.

படிப்புக்காக ஹெல்சின்கி கிளம்பிய இன்பாவை வழியனுப்ப வந்த எட்டுப் பேர் ரயில் கதவருகே நின்றுவிட்டார்கள். அவள் அப்பா துரைக்கண்ணு மட்டும் சூட்கேஸோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எப்படிப்பா ஏறினீங்க?"

"எனக்கும் ஃப்ளைட் இருக்கே. மதுரைக்கு."

"மதுரையில நமக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல. இந்த சூட்கேஸ யாரு தூக்குறதாம்?"

அது சக்கரம் வைத்த சூட்கேஸ். இன்பா இறங்கும்வரை பன்னிரண்டு நிமிடம் அவர் தோளில் சாய்ந்திருந்தாள்.

திரும்பும் ரயிலில் விமானத்தில் வந்தவர்களுக்கே அனுமதி. துரைக்கண்ணு மதுரைக்குப் பறந்து, அடுத்த விமானத்தில் திரும்பினார். மாலையில் அவர் கிண்டியில் இறங்கியபோது அந்த எட்டுப் பேரும் வரவேற்க நின்றிருந்தார்கள்.