டயருக்குக் கீழே வெளிச்சம்

நாமே வடிவமைத்துக் கட்டிய முதல் இலகு ரகப் போர் விமானம் அன்று ஓடுபாதையில் வேகமாக ஓடினால் போதும், எழும்பக் கூடாது என்பது உத்தரவு. மீறினால் விமானி இளம்பரிதிக்கு இனி அந்த இருக்கை கிடையாது. சக்கரங்களைக் கவனிக்க வேண்டிய எஸ்தர், பாதையோரம் சுடுகிற சிமெண்டில் குப்புறப் படுத்திருந்தாள். விமானம் அவளைத் தாண்டிய நொடியில் டயருக்கும் தரைக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. பதினேழு வருடம் எல்லாரும் திருகாணி முடுக்கியது அதற்காகத்தான். உடனே அது மறைந்தது.

பாதுகாப்பு அதிகாரி வரதராஜுலு படிவத்தோடு ஓடி வந்தார்.

"சக்கரம் தரைய விட்டுச்சாம்மா?"

"ஒரே தூசி சார். கண்ணே தொறக்க முடியல."

"பொய் சொல்றப்போ சிரிக்காதம்மா."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.

"எவ்வளவு?"

எஸ்தர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். அவர் ஒரு கண்ணை மூடி அந்த இடைவெளி வழியாகத் தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்த விமானத்தைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இன்னும் கொஞ்சம் இருக்காதா?"