நெற்றியில் ஒரு செல்லம்

என் மனைவி வசுமதி முன்முடியை வெட்டி இடப்பக்கம் சாயவிட்ட நாளிலிருந்து வீட்டில் எனக்கு மதிப்பில்லை. அது வலப்பக்கம்தான் விழுவேன் என்று அடம்பிடித்தது. அவளோ நனைத்து, எதிர்ப்பக்கம் சீவி உலர்த்தி, கிளிப் மாட்டி, "சமத்தா படுடா செல்லம்" என்று கொஞ்சினாள். நானும் அடம்பிடிக்கிறவன்தான், என்னை யார் கொஞ்சினார்கள்? ஆசையாக நெற்றியைத் தொடப்போனால், "தொடாதீங்க, கலைஞ்சிரும்."

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து அவளுக்குக் குங்குமம் வைக்கும் சாக்கில் அதை விரலால் ஒதுக்கி, "உனக்கு முன்னாடியே வந்தவன்டா நான்" என்று முணுமுணுத்தேன். முடி உடனே இடப்பக்கம் படுத்துக்கொண்டது.

வசுமதி கண்ணாடியைப் பார்த்தாள். "என்னங்க செஞ்சீங்க?"

"திட்டினேன்."

மறுநாள் காலை, குளித்த ஈரத்தோடு என் முன்னால் வந்து நெற்றியை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ம், திட்டுங்க."

வசவுக்குப் பதில், "சமத்தா படுடா செல்லம்" என்றுதான் எனக்கு வாயில் வந்தது.