டாலிவர் சார்கிட்ட அனுப்பு!

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது குப்பைத்தொட்டியை எட்டி உதைத்தது கெஸையா பக்னர் என்றால், எங்கள் பள்ளியில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏழாம் வகுப்பின் முதல் மாணவி. சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை. அதட்டிப் பேசினால்கூடக் கண் கலங்குகிற பிள்ளை.

"என் கண்ணு முன்னாடியே உதைச்சா, மேடம்!" என்று அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார் ஹால்வர்சன் டீச்சர். கோபத்தில் அவருடைய வெள்ளை முகம் தக்காளியாய்ச் சிவந்திருந்தது.

தலைமை ஆசிரியை பெட்டிவே அம்மாவின் அறையில் ஏற்கனவே ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. எதிரில் டாலிவர் சார். கதவை ஒட்டி என் மேசை. பள்ளியின் கிளார்க் நான். உள்ளே பேசுவதில் ஒரு வார்த்தை என் காதுக்குத் தப்பாது.

டாலிவர் சார் ஆறடிக்கு மேல் உயரம், கனத்த குரல், கழுத்தில் எப்போதும் டை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள். பாடம் நடத்தும் கறுப்பு ஆண் அவர் ஒருவர்தான். எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை வாலாட்டினாலும் "டாலிவர் சார்கிட்ட அனுப்பு!" என்பதே வழக்கமாகிவிட்டது. கணக்கு நடத்த வந்த மனுஷனைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டார்கள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான் உங்களுக்கு. தனி ரூம், கூடுதல் சம்பளம். பாடம் எடுக்க வேண்டாம், சார்" என்றார் பெட்டிவே அம்மா.

"மேடம், என்னை வகுப்பை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க. கணக்கு சொல்லிக் கொடுக்கத்தான் நான் வந்தேன்."

"உங்க சத்தத்துக்கே பிள்ளைங்க அடங்கிடுறாங்களே!"

"ஆமா மேடம்" என்று நடுவில் புகுந்தார் ஹால்வர்சன் டீச்சர். "என் ரூம் பக்கத்து ரூம்தான். இவர் ஒரு அதட்டு போடுவார், மொத்தப் பிள்ளைங்களும் 'சார்! சார்!'னு அலறும். சுவரே ஆடும். ஆனா அனுப்புற பிள்ளைங்க எண்ணிக்கை குறையலை, கூடிக்கிட்டே போகுது. பயம் விட்டுப்போச்சு. முழுநேரமும் இதையே பார்த்தார்னா சரியாயிடும்."

டாலிவர் சார் தலையைக் குனிந்துகொண்டார். நானும் இந்த ஊர்க் கறுப்புப் பெண்தான். வாட்டசாட்டமான கறுப்பு ஆணைக் கண்டால் காவலுக்கு நிறுத்தத்தான் எல்லோருக்கும் தோன்றுகிறது. பெட்டிவே அம்மா எங்கள் இனத்து ஆள், அவருக்குமா?

"கெஸையா, ஏன் உதைச்சே?" என்று அவள் பக்கம் திரும்பினார் பெட்டிவே அம்மா.

கெஸையா தரையைப் பார்த்தாள்.

"தப்பு செஞ்சா எங்கே அனுப்புவோம்னு தெரியும்ல?"

"தெரியும், மேடம். டாலிவர் சார் ரூமுக்கு."

"தெரிஞ்சுமா உதைச்சே?"

"தெரிஞ்சதாலதான், மேடம்."

டாலிவர் சார் தலையை நிமிர்த்தினார்.

"என்கூட ரெட்டையாப் பொறந்த மைக்கா இருக்கானே, பெஞ்சு மேல ஏறி ஆடுவான். வாராவாரம் சார்கிட்ட அனுப்பினாங்க. இப்போ என்னடான்னா, எனக்கு வராத அல்ஜீப்ராவை அவன் போட்டுக் காட்டுறான்! 'இதுகூடத் தெரியாதாடி மக்கு?'ங்கிறான். என்னை, மேடம்! என்னை!"

அவமானத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சட்டைக்கு இஸ்திரிகூட அவனே போட்டுக்கிறான். சார் அவனை 'மிஸ்டர் பக்னர்'னுதான் கூப்பிடுவாராம். அப்படிக் கூப்பிட்ட பிறகு கசங்கின சட்டையில எப்படிப் போறதுங்கிறான்."

"அப்போ அந்த அதட்டல்?" என்றார் ஹால்வர்சன் டீச்சர்.

"அது அதட்டல் இல்ல, மிஸ். எங்க சர்ச்சுல பாஸ்டர் சொல்லச் சொல்ல நாங்க பதில் குரல் கொடுப்போம். அதே மாதிரிதான். 'இந்தப் பக்கம் அஞ்சைக் கழிச்சா?'னு சார் கேட்பார். 'அந்தப் பக்கமும் அஞ்சு, சார்!'னு எல்லாரும் கத்துவாங்க. சமன்பாடு, மிஸ்."

பெட்டிவே அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவரே பாஸ்டர் மகள். அந்தப் பதில் குரல் கேட்டு வளர்ந்தவர். எத்தனை தடவை அந்த வராந்தாவில் நடந்திருப்பார்! ஒரு தடவையாவது நின்று கேட்டாரா?

"ஏன் சார் சொல்லவே இல்ல?"

"யாரும் கேட்கலையே, மேடம். பிள்ளைங்களை அனுப்பினாங்க. பாடம் நடத்தினேன்."

"திங்கட்கிழமையிலேர்ந்து சார் பாடம் எடுக்க மாட்டார்னு காலையிலேர்ந்து ஒரே பேச்சு" என்றாள் கெஸையா. "அதான் இன்னைக்கே உதைச்சேன். குப்பையை அள்ளிப் போட்டுட்டேன், மேடம்."

பெட்டிவே அம்மா எழுந்து என் பக்கம் திரும்பினார். "லொரேட்டா, அந்த உத்தரவை ரத்து பண்ணு. சார் கணக்குதான் நடத்துவார், மேல்மாடிப் பெரிய ஹால்ல. வாலாட்டுற பிள்ளைங்களை இனிமே நான் பார்த்துக்கிறேன்."

எனக்குத் தாங்கவில்லை. கை தட்டியே விட்டேன்.

டாலிவர் சார் டையைச் சரிசெய்துகொண்டு, முகமெல்லாம் பல்லாகக் கதவைத் திறந்துபிடித்தார். "வாங்க, மிஸ் பக்னர்."

வெளியே வராந்தாவில் ஒரு வரிசை நின்றது. அத்தனையும் பள்ளியின் சமர்த்துப் பிள்ளைகள். ஒருவன் மேசையில் தாளம் போட்டானாம். ஒருத்தி பாடத்துக்கு நடுவே பாட்டுப் பாடினாளாம். ஒருத்தி ஷூவைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டு ஒற்றைக் காலில் நின்றாள்.

கடைசியில் நின்ற ஆறாம் வகுப்புப் பொடிசு மட்டும் என் கையைத் தொட்டுக் கேட்டது:

"மிஸ் லொரேட்டா, கெட்ட பேர் வாங்காமலே டாலிவர் சார் வகுப்புல சேர வழி இருக்கா?"