இடது உள்ளங்கை

கார் மறுபடியும் இருமியது.

ஆகிப் ஸ்பானரைப் புல்லில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டான். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். இப்போது கடுகண்ணாவை டவுனில் சொந்த கராஜ் வைத்திருக்கிறான். காலை ஏழரைக்கு வந்தவன், பிளக்கைக் கழற்றித் துடைத்து, காற்று ஃபில்டரைக் கழற்றி, எதையெல்லாம் திருக முடியுமோ அதையெல்லாம் திருகிப் பார்த்துவிட்டான்.

"புது வண்டின்னா கம்ப்யூட்டர மாட்டினா அதுவே சொல்லிரும் டீச்சர். இதுல மாட்ட ஒரு ஓட்டையும் இல்லியே."

அறுபது வருடப் பழசு. வெள்ளைக்காரன் ஊரில் செய்த இரண்டு சீட் கார். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் கோழி அடைந்து கிடந்ததை என் வீட்டுக்காரர் வில்பிரட் கொண்டுவந்து, தபால் கந்தோர் வேலை நேரம் போக, ஒன்பது வருடம் தட்டிக் கொட்டி உயிர் கொடுத்தார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஞாயிறு பூசைக்குப் புறப்படும் முன்னும் பொனெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டுவிடுவார். பிறகு பெற்றோல் மணக்கும் அதே உள்ளங்கையில் நற்கருணை வாங்குவார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்னும்.

இப்போது விறாந்தையில், சக்கரக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாரிசவாதம் வந்து மூன்று மாதம். வலது பக்கம் முழுதும் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கையில் பேனையைக் கொடுத்தால் கோடுதான் வருகிறது.

மிஞ்சியது இரண்டு சைகை. உள்ளங்கையால் வாயை மூடினால் குமட்டுகிறது. இரண்டு விரலால் முழங்காலைத் தட்டினால் கால் வலிக்கிறது. அவருடைய பாஷை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையடித்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் குமட்டல் அதிகம். பூசைக்குப் போக முடியாத ஏக்கம் வயிற்றைக் கலக்குகிறது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

"அப்பாவுக்கு இனி ஒன்னும் வெளங்காதும்மா. கார் இருந்தா என்ன, போனா என்ன?" என்றான் மகன் கிஷான், அவருடைய கதிரையைப் பிடித்துக்கொண்டே.

கலகெதரயில் இருந்து பதினொரு மணிக்கு லொறி வருகிறது. பழைய காரை வாங்கி உதிரியாகக் கழற்றி விற்கிற ஆள். அதற்குள் எஞ்சின் ஒழுங்காக ஓடினால் கார் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கிஷானிடம் கெஞ்சி வாங்கிய தவணை அது. எனக்கு அந்தக் கார் வேண்டும். அதன் சத்தம் கேட்டால் மட்டும்தான் இந்த மனுசன் தலையை நிமிர்த்துகிறார்.

பத்தரை. கீழே ஏற்றத்தில் ஒவ்வொரு லொறி முனகும்போதும் நான் பாதையை எட்டிப் பார்த்தேன்.

ஆகிப் திரும்பவும் ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் குலுங்கியது, விக்கியது, பட்டென்று வெடித்துவிட்டு இருமியபடியே ஓடியது.

வில்பிரட் இடது உள்ளங்கையால் வாயை மூடினார்.

நான் வாந்தி பிடிக்கும் பேசினைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் அதை ஓங்கித் தட்டிவிட்டார். படிகளில் உருண்டு போய்க் காரின் முன்சில்லில் முட்டி நின்றது. திரும்பவும் வாயை மூடினார்.

"வாந்தி வரலன்னா எதுக்கு வாய மூடுறீங்க?"

கத்திவிட்டேன். நோயாளியிடம், பிள்ளைகளுக்கு முன்னால். அவர் கண்ணில் நீர் வழிந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை. கிஷான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எனக்கும் அழுகை வந்தது. பேசினை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஃபில்டர் கழற்றிய எஞ்சினின் பக்கவாட்டில், கண்ணுக்கு நேரே, இரண்டு வட்டத் துவாரங்கள் அருகருகே காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

இரண்டு வாய்கள்.

நான் விறாந்தையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளங்கை வாயில்.

முதல் வாயைக் கையால் மூடினேன். எஞ்சின் அணையப் பார்த்தது. பயந்து எடுத்துவிட்டேன். அடுத்ததை மெதுவாக, பாதிக்கு மூடினேன்.

இருமல் நின்றது. எஞ்சின் சீராக ஓடியது.

"அப்பிடியே வைங்க டீச்சர்! இதுலதான் காத்து கள்ளமா பூருது!" ஆகிப் அந்த இடத்தில் மண்டியிட்டுவிட்டான்.

வில்பிரட் கையை இறக்கினார். பாதி முகத்தால் சிரித்தார்.

கிஷான் போனை எடுத்து லொறிக்காரனை வரவேண்டாம் என்றான். பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிலத்தைப் பார்த்தான். கிறிஸ்மஸ் வரை தாங்குவாரா, வயோதிபர் இல்லத்தில் இடம் கிடைக்குமா என்றெல்லாம் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசியிருந்தோம். நானும்தான் பேசினேன்.

பெற்றரி இறங்கிவிடக் கூடாதென்று ஞாயிறுதோறும் காரை ஸ்டார்ட் செய்ததும் நான்தான். ஞாயிறுதோறும் அவர் பழுதைச் சொன்னார். ஞாயிறுதோறும் நான் பேசினை நீட்டினேன்.

என் உள்ளங்கை பெற்றோல் மணத்தது.

வில்பிரட் என்னை நேராகப் பார்த்தார். இடது கையைத் தூக்கி, இரண்டு விரலால் முழங்காலைத் தட்டினார். மெதுவாக, இன்னொரு தரம்.

ஆகிப் எஞ்சினை அணைத்தான். அவனும் கிஷானும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவருடைய பாஷை தெரிந்தவள் நான்தானே.

எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக, ஓர் இரவும் தவறாமல், அந்த முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கிறேன்.